கறுப்பு ஸ்பாஞ்சும் வெள்ளைப் பஞ்சும்

எங்கள் வீட்டு மீன் செத்த அன்று, தொட்டித் தண்ணீர் அதுவரை இல்லாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. கலங்கிய தண்ணீரில் செத்திருந்தால்கூட மனசு ஒருவாறு ஒப்பியிருக்கும். தொட்டிக்குப் பின்னால் மாட்டியிருந்த காலண்டரில் தேதி பளிச்சென்று தெரிந்தது. அந்தத் தேதிக்கு முன்னால், ஒன்றரை அடி அரோவானா வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. எனக்கு ஒன்பது வயது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், அப்பா ஒரு நாள் ஆபீசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதத்துக்குக் கனம் தூக்கக் கூடாது, கோபப்படக் கூடாது என்றார் டாக்டர். இரண்டாவதைக் கேட்டு எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அந்தச் சமயத்தில்தான் பரவையிலிருந்து அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, கூடமாட உதவிக்கு வந்தார். அரோவானா மாதிரி வாஸ்து மீன் வளர்த்தால் வீட்டுத் தலைவருக்கு வருகிற கண்டத்தை அது வாங்கிக்கொண்டு செத்துப்போகும் என்று அவர்தான் சொன்னார். அப்பாவுக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது.

"ஏன்க்கா, அந்த மீனுக்கு எம்மேல அம்புட்டுப் பாசமா?" என்று கேட்டுச் சிரித்தார். ஆனால் அம்மா அழுத அழுகையில் எங்கள் தல்லாகுளம் வீட்டு ஹாலில் ஆறடித் தொட்டி வந்து இறங்கியது. சிரித்தவர்தான் பிறகு நாள் முழுக்க அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் விரலைக் கண்ணாடியில் வைத்தால் மீன் அந்த இடத்துக்கு வந்து நிற்கும்.

ஒரே ஒரு குறைதான். தண்ணீரில் எப்போதும் புகை மாதிரி நுண்தூசி மிதந்தது. தொட்டியின் மேல் ஒரு நீளமான பெட்டி உண்டு. மோட்டார் தண்ணீரை இழுத்து அதில் கொட்டும். அது கறுப்பு ஸ்பாஞ்ச் வழியாகவும் பீங்கான் வளையங்கள் வழியாகவும் வடிந்து மறுபடி தொட்டிக்குள் விழும். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு மீன் கடைக்குப் போனார். கடைக்காரப் பாய் ஒரு மக்கில் கலங்கிய தண்ணீரை எடுத்து, முதலில் கறுப்பு ஸ்பாஞ்சிலும் பிறகு ஒரு வெள்ளைப் பஞ்சிலும் ஊற்றிக் காட்டினார். பஞ்சு வழியாக வந்தது குடிக்கிற தண்ணீர் போல இருந்தது.

"பெரிய குப்பையக் கறுப்பு பாத்துக்கிரும்ணே. கண்ணுக்குத் தெரியாத தூசிக்கு இந்த நைஸ் பஞ்சுதான். கடைசி அடுக்கா வச்சு, வாரம் ஒருக்கா மாத்திருங்க. ஆனா அந்தக் கறுப்பு இருக்குல்ல..." என்று பாய் ஆரம்பித்தபோது, பக்கத்துத் தொட்டியில் ஒரு மீன் பலூன் மாதிரி ஊதிக்கொண்டது. நான் அங்கே போய்விட்டேன். அப்பா ஒரு சுருள் பஞ்சு வாங்கி வந்து ஒரு அடுக்கு வைத்தார்; தண்ணீர் பாதிதான் தெளிந்தது.

அந்தச் சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் செக்கப்புக்குப் போனார்கள். அத்தை டிவி முன்னால் தூங்கிவிட்டார். பெட்டியை யாரும் தொடக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. ஆனாலும் அவர் திரும்பி வரும்போது தண்ணீர் பளபளவென்று இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்து, ஸ்டூல் போட்டு ஏறி மூடியைத் திறந்தேன். கறுப்பு ஸ்பாஞ்சில் வழவழவென்று பழுப்புச் சளி. எல்லாவற்றையும் குழாயடிக்குக் கொண்டுபோய், பாத்திரம் தேய்க்கிற சோப்புப் போட்டு, நுரை போகும்வரை அலசினேன். வளையங்களைக்கூட ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். ஒரு அடுக்குப் பஞ்சு போதாது என்று நாலு அடுக்கு மடித்து, பிரிந்துவிடாமல் என் சிவப்பு ஸ்கூல் ரிப்பனால் கட்டி உள்ளே வைத்தேன்.

மாலையில் அப்பா நல்ல ரிப்போர்ட்டோடு வந்தார். தொட்டியைப் பார்த்து அசந்துபோனார்.

"கண்ணாடி இருக்கான்னே தெரியலையே. பாய் குடுத்த பஞ்சு இம்புட்டு வேல செய்யுதா?"

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனாலும் கட்டளை ஞாபகம் வந்ததால் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை ஒற்றை ரிப்பனோடு நின்றதற்கு அம்மா திட்டி, ரப்பர் பேண்டு போட்டு அனுப்பினார். அன்று மாலை மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. இறால் போட்டும் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் செத்துக் கிடந்தது.

இன்றைக்கு முதுகுத்தோல் உரியப்போகிறது என்று கர்ட்டனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா வந்து பார்த்தார். திட்டவில்லை, அழவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

"எந் தாலியக் காப்பாத்திட்டுப் போயிருச்சு" என்றார்.

அத்தை, "நாந்தான் சொன்னேன்ல தம்பி" என்று மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்தார். நான் கொன்ற மீனுக்கு என் கண் முன்னாலேயே பொட்டு வைத்தார்கள். புது வெள்ளைத் துணியில் சுற்றினார்கள்.

அப்பா மட்டும் போய் மோட்டாரை நிறுத்தினார். பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே கை விட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு மூடியைப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"ஆமாக்கா" என்றார். "எனக்கு வர இருந்ததுதான்."

மீன் செத்ததைவிட இது எனக்குப் பெரிய அதிர்ச்சி. அத்தையைக் கேலி செய்த அப்பாவா இப்படிச் சொல்கிறார்? நோய் வந்து மனுஷரை மாற்றிவிட்டது என்று பாவமாக இருந்தது. அன்று அம்மா பல மாதத்துக்குப் பிறகு பகலில் நிம்மதியாகத் தூங்கினார்.

பாய் பாதியில் சொன்ன வாக்கியத்தின் மீதி, வளர்ந்து என் வீட்டுக்குத் தொட்டி வாங்கப் போன கடையில்தான் காதில் விழுந்தது. அந்தப் பழுப்புச் சளிதான் உயிர். மீன் கழிவின் விஷத்தைத் தின்கிற நுண்ணுயிர்கள் அதில்தான் குடியிருக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பட்டாலே செத்துவிடும். வெள்ளைப் பஞ்சு தூசியைப் பிடிக்கும், விஷத்தைப் பிடிக்காது.

ஆனால் அந்த வயதில் எனக்குப் புரியாமல் போனது அது மட்டுமில்லை. மீனைப் புதைத்த மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது, சிவப்பு ரிப்பன் துவைத்துக் காய்ந்து, நாலாக மடித்து, என் சீப்புக்குப் பக்கத்தில் இருந்தது. சாமியாகிவிட்ட மீன்தான் என்னை மன்னித்து அதைத் திருப்பித் தந்திருக்கிறது என்று நினைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு இரட்டைச் சடை போட்டுக்கொண்டு போனேன். மீனுக்கு ரிப்பன் துவைக்கத் தெரியாது என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.