ஆ வாய் விளக்கு

பாரிஸில், பிகால் பக்கத்து மதுக்கடை ஒன்றில் என் முகம் சில வருடங்கள் ஹவாய்த் தீவின் கடவுளாக இருந்தது. ஒரு முகம் அல்ல, சுவர் நெடுகப் பத்துப் பன்னிரண்டு முகங்கள். எல்லாவற்றுக்கும் வாய் ஆவென்று திறந்திருக்கும். வாய்க்குள்ளே ஒரு சிவப்பு மின்குமிழ் எரியும். அந்த வெளிச்சத்தில் பாரிஸ்காரர்கள் அன்னாசித் துண்டு செருகிய குடிவகைகளை உறிஞ்சியபடி, தாங்கள் கடல் கடந்து வந்துவிட்டதாக நம்பினார்கள். நம்பினவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம்ப வைத்தவர் மேல்தான் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. லா சப்பலில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு முற்றத்தின் கடைசியில் அந்தப் பட்டறை இருந்தது. அதன் சொந்தக்காரர் புதுச்சேரித் தமிழர். பிரெஞ்சுக் குடிமகன், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், புறநகர் பொபினியில் வீடு. எங்களோடு தமிழில்தான் பேசுவார். ஆனால் 'ஐயா' என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. 'முசியே' என்றால் உடனே கேட்கும். இடிக்கப்படும் பழைய கட்டடங்களில் இருந்து படிக்கட்டுத் தூண்கள், கட்டில் கால்கள், உளுத்துப்போன அலுமாரிகள் என்று அள்ளிக்கொண்டு வந்து, அவற்றை விளக்குகளாக்கி விற்பது அவர் தொழில். அந்தச் சாமானைக் குப்பை என்று சொன்னால் பொல்லாத கோபம் வரும். பழைய மரத்துக்குப் புது வாழ்வு கொடுக்கிறாராம். எங்களுக்கு உட்காரத் தந்திருந்த மூன்று கால் கதிரைக்கு மட்டும் அந்தப் புது வாழ்வு கடைசி வரை கிடைக்கவில்லை.

அங்கே வேலைக்கு இரண்டு பேர். ஒருவர் அண்ணை. கூடப் பிறந்தவர் அல்ல, அறையைப் பகிர்ந்துகொண்டதால் அண்ணை. யாழ்ப்பாணத்தில் கதவும் யன்னலும் செய்தவர். நேர்கோட்டில் அவரை அடிக்க ஆள் கிடையாது. வளைவு வந்தால் கதை வேறு. ஒரு கலியாண வீட்டுக் கதவில் அன்னம் செதுக்கச் சொன்னார்களாம், வந்தது கோழி. அதை அவரே சிரிக்காமல் சொல்லுவார். மற்றவன் நான். வயர் இழுப்பதும் குமிழ் பூட்டுவதும் என் வேலை. அண்ணையைவிட எனக்குப் பிரெஞ்சு கொஞ்சம் கூடத் தெரியும் என்பதால், வாடிக்கையாளர்கள் வரும்போது முசியேயின் பின்னால் நின்று புன்னகைப்பதும் என் வேலையாயிற்று.

அண்ணையின் மனைவி கொழும்பில் ஓர் உறவினர் வீட்டின் முன்னறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பாரிசுக்குக் கூப்பிடுவதென்றால் அண்ணையின் கையில் ஒரு வேலை ஒப்பந்தம் இருக்கவேண்டும். கொந்த்ரா. அந்த ஒரு சொல்லை மட்டும் அண்ணை பிரெஞ்சுக்காரர் மாதிரியே உச்சரிப்பார். கொந்த்ரா இல்லையென்றால் மனைவி இல்லை, கணக்கு அவ்வளவுதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கை கழுவிவிட்டு முசியேயிடம் போய் நிற்பார்.

"முசியே, கொந்த்ரா?"

"பாப்போம்பா. ஒரு நல்ல வியாபாரம் வரட்டும், உடனே போட்டுடலாம்."

நல்ல வியாபாரம் ஒரு நாள் வந்தே விட்டது. பிகால் பக்கம் ஒருவர் தீவுப் பாணியில் மதுக்கடை திறக்கப் போகிறார், சுவர் நிறைய விளக்கு வேண்டுமாம். முசியே படிக்கட்டுத் தூண்களை எங்கள் முன்னால் உருட்டிவிட்டார்.

"இதெல்லாம் ஸ்தீல் அவாயில பண்ணணும், புரியுதா? அவாயி! பாத்த உடனே ஆளு பயந்துடணும்."

ஸ்தீல் என்றால் பாணி. பிரெஞ்சுக்காரர்கள் ஹவாயின் முன்னால் இருக்கும் அந்த 'ஹ'வை விழுங்கிவிடுவார்கள். பிரெஞ்சுக்காரரைவிடப் பிரெஞ்சுக்காரரான எங்கள் முசியே அதை ஏப்பமே விட்டுவிடுவார். எங்கள் காதில் விழுந்தது 'அவாயி' மட்டும்தான். மாதிரிக்கு ஒரு படம் இருக்கிறதா என்று நான் கேட்டேன். படம் எதுக்கு, நீங்களும் தீவுக்காரங்கதானே என்றுவிட்டுப் போய்விட்டார்.

அண்ணை தூணைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "தம்பி, மனிசன் என்ன கேக்கிறார் எண்டு விளங்கினதோ?"

"அவாயி எண்டார்."

"ஓம். ஆ வாய். வாயை ஆவெண்டு திறந்த முகம் கேக்கிறார். அதுதானே பயந்துபோகவேணும் எண்டு சொன்னவர்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஹவாய் எங்கே இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படித்தவன் நான். அது என் மண்டையில் ஒரு கணம் கூட மின்னவில்லை. அண்ணை தூணில் கண் இரண்டு தோண்டினார், மூக்கைச் சப்பையாக விட்டார், அதற்குக் கீழே முகத்தின் பாதியை வாயாகவே தோண்டி எடுத்தார். அவ்வளவு பெரிய வாயைச் சும்மா விட மனம் வராமல் நான் குமிழை உள்ளே பூட்டினேன். கறுப்புச் சப்பாத்து மையும் தேயிலைச் சாயமும் பூசி, ஊதுவிளக்கால் இங்கேயும் அங்கேயும் கருக்கினோம். லா சப்பல் கடையில் அரிசி வந்த சணல் சாக்கைக் கிழித்துத் தலைமயிராக ஒட்டினோம். பார்க்கப் பேய் மாதிரி இருந்தது. முசியே வந்து பார்த்தார், "தெ பியான்", பிரமாதம் என்றார், இன்னும் பத்துச் செய்யச் சொன்னார். அன்னத்தைக் கோழியாக்கிய அதே கை ஹவாயில் பிழைத்துக்கொண்டது.

அந்த முகம் எனக்கு எங்கேயோ பார்த்த முகமாகவே இருந்தது. நாலாவது விளக்குக்கு வயர் இழுக்கும்போதுதான் பிடிபட்டது. மேல் வரிசையில் ஒரு பல் பாதி உடைந்திருந்தது. எனக்கும் மேல் வரிசையில் ஒரு பல் பாதிதான். அந்த நாட்களில் இரவுச் சாப்பாடு எங்களுக்கு வெறும் தேத்தண்ணியும் முதல்நாள் பாணும். காய்ந்த பாண் ஒன்றைக் கடித்தபோது பல் போயிற்று.

"அண்ணை, இது நானெல்லோ!"

"பின்னை வேறை ஆரைப் பார்த்துச் செய்யிறது? நித்திரையிலை நீர் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிற மாதிரி உலகத்திலை ஒருத்தரும் கிடக்கமாட்டினம். காலமை வேலைக்கு வர முந்தி ஒருக்காப் பாத்திட்டு வருவன்."

நான் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஆறாவது விளக்கு என்னைவிட வடிவாக வந்திருந்தது, மன்னித்துவிட்டேன்.

மதுக்கடைக்காரர் பார்க்க வந்தபோது கூட ஒரு மதாமை அழைத்து வந்திருந்தார். தீவுகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவராம். முசியே என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "வாய தொறக்காத" என்று காதுக்குள் சொன்னார். பிறகு அவர் திறந்த வாயை மூடவேயில்லை. இந்த விளக்குகள் பழைய காலத்து 'அவாயி' வேலையாம். மார்செய்யில் ஒரு கிழட்டு மாலுமி வைத்திருந்ததாம். வயர் மட்டும் இங்கே மாற்றியதாம். அண்ணை மூலையில் சீவல்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். அந்தப் புதுச் சீவல்கள் எந்தக் காலத்து அவாயியில் இருந்து வந்தவை என்று யாரும் கேட்கவில்லை.

மதாம் ஒரு விளக்கின் கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடினார். இது கடலை நோக்கி அழைக்கும் மூதாதை என்றார். உடைந்த பல்லைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே தலைவன் இறந்தால் துக்கத்துக்காகப் பல்லை உடைத்துக்கொள்வார்களாம். நான் ஒரு முழத் தூரத்தில் நின்று, என் சொந்தப் பல்லை உதட்டால் மூடிக்கொண்டு புன்னகைத்தேன். அவர் என்னையும் பார்த்துத் தலையசைத்தார். விளக்குகள் அத்தனையும் போயின.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணை கையை இரண்டு தரம் கழுவினார்.

"முசியே, கொந்த்ரா?"

முசியே தோளைக் குலுக்கினார். "எப்படிப்பா போடறது? அந்த வெளக்கெல்லாம் பழசுன்னு சொல்லி வித்தாச்சு. இப்ப செதுக்குற ஆளு ஒருத்தன் எங்கிட்ட வேல பாக்குறான்னு எழுதினா நான் பொய்யன் ஆயிடமாட்டேனா? நீயே சொல்லு."

அண்ணை என்னைப் பார்த்தார். வேலை நன்றாக இருந்ததனால் அண்ணை என்ற ஆளே இல்லாமல் போனார். கொஞ்சம் மோசமாகச் செதுக்கியிருந்தால் லா சப்பல் தச்சன் செய்தது என்று விற்றிருப்பார்கள், மனைவியும் வந்திருப்பார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மூன்று கால் கதிரையைத் தூக்கி முசியேயின் தலையில் போடலாம் போல இருந்தது. அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டிவந்தார். "விடும் தம்பி" என்றார். அன்றிரவு அவர் பாணைத் தொடவில்லை.

கொஞ்ச நாளில் மதுக்கடையில் இரண்டு குமிழ்கள் எரிந்துபோயின. மாற்றிவிட்டு வரும்படி முசியே எங்கள் இருவரையும் அனுப்பினார். போனமா, மாட்டினமா, வந்தமான்னு இருக்கணும் என்று வாசல் வரை வந்து சொன்னார்.

அங்கே போன பிறகுதான் கடை வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருந்த பெயரை வாசித்தேன். அவாயியின் முன்னால் ஒரு 'ஹ' நின்றது. ஆ வாயின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. அண்ணையிடம் சொன்னேன். "அப்ப வாய் தேவையில்லையோ?" என்றார், திகைத்துப்போய். உள்ளே சுவர் நெடுக என் வாய்கள்.

கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் நின்று அன்னாசித் தகர ரின்களை வெட்டிக்கொண்டிருந்தார். பிரான்சின் ஓவெர்ன் மலைப்பகுதிக்காரர், கரி விற்ற குடும்பம். கடலை ஒரே ஒரு தடவை பார்த்ததாகவும் அன்று மழை என்றும் சொன்னார். மேல்மாடிக்கும் இதே மாதிரி விளக்குகள் வேண்டும், அவை கப்பலில் வந்து சேர மாதக்கணக்காகும் என்று உங்கள் முதலாளி சொல்கிறார், அதற்குள் என் வேனிற்காலம் போய்விடும் என்று புறுபுறுத்தார்.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

நான் தமிழில் சொன்னேன். ஏணியில் நின்றவர் அப்படியே நின்றார். கையில் குமிழ். "கப்பலிலையோ," என்றார் மெல்ல. அவருக்குக் கடல் கடந்து வரவேண்டியது வேறு ஒருவர் என்று எனக்குத் தெரியும்.

வாயைத் திறக்காதே என்று முசியே அன்றைக்கே சொல்லியிருந்தார். நான் விளக்கு ஒன்றின் கீழே கதிரையை இழுத்துப்போட்டேன். உட்கார்ந்து தலையைச் சுவரில் சாய்த்தேன். கண்ணை மூடினேன். வாயை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பிளந்தேன்.

ரின் வெட்டும் சத்தம் நின்றது. காலடிச் சத்தம் கிட்ட வந்தது. கடைக்காரரின் மூச்சு என் முகத்தில் பட்டது. அதில் அன்னாசி வாசனை. அவர் என் பல்லைப் பார்த்தார், மேலே பார்த்தார், அடுத்த விளக்கைப் போய்ப் பார்த்தார், திரும்பி வந்து மறுபடி என் பல்லைப் பார்த்தார். நான் கண்ணைத் திறந்து ஏணியைக் காட்டி, "அவர்தான்" என்றேன்.

போலீசைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி வியாபாரியானார். எனக்கு ஹவாய் தேவையில்லை, இந்த மாதத்துக்குள் விளக்குத்தான் தேவை என்றார். அப்படியே ஏப்ரனோடு எங்களுடன் பட்டறைக்கு வந்தார்.

அவரையும் அண்ணையையும் ஒன்றாக வாசலில் கண்டபோது முசியே திறந்த வாய் இருக்கிறதே, அதுதான் அசல் ஸ்தீல் அவாயி. கடைக்காரர் சத்தம் போடவில்லை. இந்த மனிதனை முறைப்படி வேலைக்கு எழுது, இல்லாவிட்டால் விளக்கெல்லாம் இங்கேயே திரும்பி வரும், மதாமும் கூட வருவார் என்றார். அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. கொந்த்ரா வந்தது. அதில் அண்ணையின் தொழில் சுமை தூக்குபவர் என்று இருந்தது.

"செதுக்குறவன்னு போட்டா சம்பளம் ஏறிடும்பா" என்றார் முசியே.

"தூக்கிறவன் எண்டே இருக்கட்டும்," என்றார் அண்ணை. "அவ வந்தால் காணும்."

அவர் மனைவி வந்து சேர அடுத்த மாரி ஆயிற்று. வந்த மறுநாளே, கடை திறக்குமுன், அண்ணை அவரைப் பிகாலுக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன். கடைக்காரர் எங்களுக்காக எல்லாக் குமிழையும் போட்டுவிட்டார். அந்த அக்கா முந்தின நாள்தான் என்னை முதல்முதல் கண்டவர். குளிர்ச்சட்டைக்குள் கையை ஒடுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, இது எங்கடை தம்பியெல்லோ!"

மதாமுக்குத் தெரியாதது அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. நான் பெருமையாக என் பல்லைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. சுவர் நெடுக நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார்.

"இத்தினை பேர் வாயை ஆவெண்டுகொண்டு நிக்கினம். ஒருத்தரும் இதுகளுக்குச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?"

அண்ணை சிரிக்கத் தொடங்கினார், முடிக்கவில்லை. ஏணியை இழுத்துப்போட்டு ஏறி, இறுக்கமாகவே இருந்த ஒரு குமிழை இறுக்கினார். மூதாதை என்றார்கள், கடல் என்றார்கள், தலைவனுக்காக உடைத்த பல் என்றார்கள். பசி என்று சொல்வதற்குக் கொழும்பிலிருந்து ஓர் ஆள் வரவேண்டியிருந்தது.