யோசனைக்காரர் டயர் மாற்றிய காலை

மருத்துவமனைக் கோப்பறையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கும் அந்த மனிதரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. யோசனைக்காரர் என்றால்தான் தெரியும். குழாய் ஒழுகினாலும், கதவு இறுகினாலும், குழந்தைக்குப் பல் முளைக்கத் தாமதமானாலும் அவரைத் தேடி ஆள் வந்துவிடும். அவர் இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்று சொல்வார். ஸ்பேனரையோ சுத்தியலையோ கையால் தொட்டதில்லை. தொடவேண்டிய தேவையும் வந்ததில்லை. அவர் சொல்லிவிட்டுப் போன அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அந்தப் பெருமையில் மனிதர் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தார்.

அன்று காலை எட்டரை மணிக்கு அவர் மனைவியின் ஸ்கூட்டர் பின்சக்கரம் சப்பையாகக் கிடந்தது. டயரும் ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. பதினோரு மணிக்கு அவளுக்கு ஓட்டுநர் தேர்வு. ஏற்கனவே இரண்டு முறை தோற்றிருந்தாள். ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை கிடைத்திருந்தது. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. திங்கட்கிழமைக்குள் உரிமத்தைக் காட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். புது டயரும் டியூபும் போன மாதமே வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தார்கள். மெக்கானிக்தான் கடையைப் பூட்டிவிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார்.

"நானே மாத்திடறேன்," என்றார்.

"அப்ப கவலையில்ல," என்றாள் அவள். உண்மையாகவே கவலை போன முகத்தோடு உள்ளே போய்ச் சேலை மாற்றத் தொடங்கினாள். உலகத்தில் அப்படியும் ஒரு பெண்.

அவர் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தினார். அதன்பிறகே நட்டைத் தளர்த்தவேண்டும் என்பது அவர் கொள்கை. ஸ்பேனரைத் திருப்பினார். நட்டோடு சக்கரமும் சேர்ந்து சுற்றியது. மறுபடி திருப்பினார். மறுபடி சுற்றியது. கால் மணி நேரம் இந்த ராட்டினம் நடந்தது. எதிர்வீட்டுத் தச்சரும் இன்னும் நாலு பேரும் வந்து மதில்மேல் சாய்ந்துகொண்டார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஆச்சரியம்தான் இருந்தது. கடைசியில் அவர் முழங்காலால் சக்கரத்தை முட்டுக்கொடுத்து, மூச்சு வாங்க, எப்படியோ கழற்றிவிட்டார்.

சின்ன ஸ்கூட்டரின் ரிம் இரண்டு தட்டுகளாகப் பிரியும். பிரித்து, பழையதை எடுத்து, புது டியூபில் பொட்டுக் காற்றுக்கூட இல்லாதபடி பிதுக்கி எடுத்து, அப்பளம்போல் தட்டையாக டயருக்குள் வைத்து, ரிம்மை மூடி இறுக்கினார். பம்பை வைத்து அடித்தார். டயர் பாதி எழும்பியது, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது, படுத்துவிட்டது. இரண்டு தட்டுக்கும் நடுவே மாட்டி டியூப் கடிபட்டிருந்தது.

"டியூப் மட்டமான டியூப்," என்றார் பொதுவாக.

தச்சரிடமும் அதே மாதிரி ஸ்கூட்டர் இருந்தது. வீட்டுக்குப் போய் ஒரு டியூபை எடுத்துவந்தார். ஆனால் கொடுக்காமல் மார்போடு பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இதையும் அப்படியே போட்டா இதுவும் போயிடும். கொஞ்சம் காத்தடிச்சு, லேசா உப்ப வச்சுப் போடணும்."

"காத்தே இருக்கக் கூடாதுன்னு போன வருஷம் உனக்கு நான்தானே தம்பி சொன்னேன்?"

"சொன்னீங்க. அதனாலதான் கொஞ்சம் அடிச்சேன்."

யோசனைக்காரர் மதிலைப் பார்த்தார். மதிலில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே," என்றார் தச்சர். "நீங்க சொல்றதுக்கு நேர்மாறா செஞ்சா எல்லாமே சரியா வருது. தெருவுக்கே தெரியும். எங்களுக்கு எவ்வளவு உபயோகம் தெரியுமா? வேற யாரைக் கேட்டாலும் பாதி சரியா இருக்கும், பாதி தப்பா இருக்கும். உங்களை மட்டும்தான் முழுசா நம்பலாம்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதைவிட மோசம், வாசல்படியில் சேலை கட்டி முடித்த மனைவி நின்றிருந்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியேதாங்க ஓட்டினேன்," என்றாள். "ரெண்டு தடவையும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். தெருவே ஏமாற்றியபோது தன்னை நம்பிய ஒரே ஜீவன் அவள், அவள்தான் தோற்றாள்.

மணி பத்தே கால். அவர் மறுபடி உட்கார்ந்து, தச்சரின் டியூபை வாங்கி, லேசாகக் காற்றடித்து டயருக்குள் வைத்தார். நட்டுகளை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக இறுக்கவேண்டும் என்று மனம் சொன்னது. அதைக் கேட்டுக்கொண்டு, நேர்மாறாக ஒன்றை இறுக்கி அதற்கு எதிரில் இருப்பதை இறுக்கினார். காற்றை முழுவதும் ஒரே மூச்சில் அடி என்று சொன்னது. பாதியில் நிறுத்தி, டயரைத் தட்டித் திருப்பி, பிறகு அடித்தார். டயரில் காற்று நின்றது. வாழ்நாளில் அவர் கையால் செய்த முதல் வேலை அது. ஒருவரும் பாராட்டவில்லை, நேரமில்லை.

தேர்வு மைதானத்தில் மூன்று கூம்புகளைச் சுற்றிக் கால் ஊன்றாமல் ஓட்டிக்காட்ட வேண்டும். வழி முழுவதும் அவர் வாயைத் திறக்கவில்லை. அவள் முறை வந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"ஏதாவது சொல்லுங்க."

"வேணாம்மா. அதான் தெரிஞ்சுபோச்சே."

"சொல்லுங்கன்னா. நீங்க சொல்லாம நான் ஒண்ணும் செஞ்சதில்ல."

அவர் பாவனைக்குச் சொல்லவில்லை. கண்ணை மூடி, நன்றாக யோசித்து, தன் அறிவுக்கு எட்டிய மிகச் சிறந்த யோசனையை மனசாரத் தேடி எடுத்தார்.

"கூம்புகிட்ட வந்ததும் குனிஞ்சு முன்சக்கரத்தையே பாரு. திரும்பறப்ப வேகத்தக் குறைக்காத. பயந்தா ஆக்சிலேட்டர இறுக்கிப் பிடிச்சுக்க."

அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு கிளம்பினாள். கல்யாணமான இருபத்தொன்பது வருடத்தில் முதன்முறையாக, இவள் என் பேச்சைக் கேட்கக்கூடாதே என்று அவர் வேண்டிக்கொண்டார்.

முதல் கூம்பில் அவள் தலை நிமிர்ந்தே இருந்தது. இரண்டாவதில் வேகம் தணிந்தது. மூன்றாவதைச் சுற்றி, மைதானத்தின் கடைசிச் சுவரைப் பார்த்தபடி, கால் ஊன்றாமல் வந்து நின்றாள். அதிகாரி காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"நீங்க மட்டும் சொல்லலைன்னா," என்றாள், "நான் குனிஞ்சு பாத்திருப்பேங்க."