வேண்டாம் என்றால் நன்றி

தையல்காரிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. புருஷன் போனபின் அண்ணன் வீட்டு முன்னறையில் மிஷினைப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், ஒரு பல் மருத்துவர் அம்மாவின் வீட்டு மாடிக்குக் கிளம்பிவிடுவாள். உடம்பும் சாமி குடியிருக்கும் இடம்தான், ஆசை ஒன்றும் பாவமில்லை என்று நம்புகிறவர்கள் கூடும் இடம் அது. விளக்கேற்றி, கண்மூடி, மூச்சைக் கவனிப்பார்கள். பிறகு இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்து, "கையைத் தொடலாமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று பதில் வந்தால், கேட்டவர் நன்றி சொல்லியாக வேண்டும். அங்கே அதைவிடப் பெரிய சட்டம் கிடையாது.

முதல் நாள் இவள் எல்லோருக்கும் சரி சரியென்று தலையாட்டினாள்.

"ஒரே ஒரு வேண்டாம் சொல்லுங்க, கேப்போம்," என்றார் மருத்துவர் அம்மா.

வாய் வரவில்லை. அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள், கட்டிலில் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. சொல்லலாம் என்றே தெரியாது, பாவம். ஒருவழியாகச் சொன்னாள். எதிரே இருந்த பஸ் டிரைவர், "நன்றிங்க," என்றார். இவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பழகிய வாய் சும்மா இருக்குமா? அளவு கொடுக்க வந்திருந்தார், அண்ணனுடைய மேலாளரின் மனைவி. அவரிடம், "இடுப்புல டேப் வைக்கலாமாங்க?" என்று கேட்டுவிட்டாள். எந்தத் தையல்காரி இப்படிக் கேட்பாள்? எங்கே கற்றாய் என்று அந்தம்மா துருவ, இவளும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். மறுநாளே சேதி அண்ணன் காதுக்குப் போய்விட்டது.

"இந்த வயசுல உனக்கு இது கேக்குதா? ஆபீஸ்ல தலைகாட்ட முடியல. அந்தக் கூட்டத்தை விட்டுடு."

"இங்க இருந்துக்கிட்டே நான் போய்ட்டு வரலாமாண்ணா?"

"கூடாது. போறதா இருந்தா இந்த வீட்ல உனக்கு இடமில்ல."

"நன்றிண்ணா," என்றவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்து மிஷினைக் கழற்ற உட்கார்ந்துவிட்டாள். போக்கிடம் எதுவும் தெரியவில்லைதான். அதற்காக, இந்த வயதில் கிடைத்த ஒரு சொல்லை விட்டுக்கொடுத்துவிடுவாளா என்ன?

அழுவாள், காலில் விழுவாள் என்று அண்ணன் கணக்குப் போட்டிருந்தார். கதவோரம் நின்ற அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தார். "நீயாவது புத்தி சொல்லேன்."

அண்ணி கையை உருவிக்கொண்டே சொன்னாள், "வேண்டாம். கையை விடுங்க."

அவள் வாயிலிருந்து அப்படியொரு பேச்சு அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. தையல்காரி அடுத்த திருகாணிக்குப் போனாள்.

"இப்ப நீங்கதான் நன்றி சொல்லணும்ண்ணா."