தண்டனைக் கூண்டின் கதவு

ஒரு மனிதனின் கண் போவதற்கு நான் காரணமானேன். அந்தப் பழியை இன்னொருவன் மேல் போட்டேன். இரண்டையும் தெரிந்தே செய்தேன்.

தெற்கு லண்டனில் நாங்கள் கொண்டாடிய ஐஸ் ஹொக்கி அணி உண்மையில் எங்களுடையது அல்ல. இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறு நகரத்தில் பனித்தளத்தை இடித்தபோது, முதலாளி அணியின் பெயரை மாற்றி இங்கே கொண்டுவந்தார். அணியைப் பறிகொடுத்த ஊர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்து "கள்ளர்" என்று கத்துவார்கள், போத்தல் எறிவார்கள். ஆட்டம் முடிந்தால் கார் நிறுத்துமிடத்தில் யாருடைய மூக்காவது உடையும்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியனான நான் அங்கே சம்பளமில்லாத கதவுக்காரன். விதியை மீறிய ஆட்டக்காரனைக் கூண்டில் சில நிமிடங்கள் இருத்துவார்கள். நேரம் முடிந்ததும் தாழ்ப்பாளை இழுப்பது என் வேலை. பக்கத்தில் தண்டனை நேரம் காட்டும் மணிக்கூட்டை இயக்கியவன் தோர்ண்டன் ஹீத் பகுதியில் இருந்த ஒரு தமிழன். நடுவராவதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். அதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

"இந்த அணிக்காரங்களும் எங்களை மாதிரி இடம்பெயர்ந்த ஆக்கள்தான் அண்ணை," என்பான்.

"ஓம், விசா மட்டும் தேவைப்படேல்லை."

ஒருநாள் எதிரணியில் ஆடிய ஒருவன், எங்கள் அணி லண்டனுக்கு வந்தபோது கூட வர மறுத்தவன். அவனை அடித்த எங்கள் தடுப்பாட்டக்காரன் கூண்டில் இருந்தான். அடிவாங்கியவன் கூண்டருகே வந்து என் நிறத்தைச் சொல்லி ஏசினான். பிறகு என் முகத்தில் துப்பினான்.

"விடுங்கோ அண்ணை, அவன் விசரன்," என்றான் மணிக்கூட்டுக்காரன்.

பொருட்படுத்தாதேங்கோ என்றுதான் சொன்னான். எனக்கு அது நன்றாகவே விளங்கியது. நேரம் மிச்சம் இருந்தது. நான் தாழ்ப்பாளை இழுத்தேன்.

எங்கள் ஆள் பாய்ந்து அவனைச் சுவரோடு மோதினான். தலைக்கவசம் கழன்றது. விழுந்தவனின் வாயில் குத்தினான். பல் தெறித்த பிறகும் குத்தினான். கடைசியில் மட்டையின் முனையை முகத்தில் இறக்கினான். பனியில் சிந்திய இரத்தத்தில் ஆவி பறந்தது. இடது கண் போய்விட்டது.

விசாரணைக் குழுவின் முன், "விடுங்கோ" என்றதால்தான் கதவைத் திறந்தேன் என்றேன். வெளியே விடுவதற்கும் அதே சொல்தான் என்று மொழிபெயர்ப்பாளரும் உறுதிப்படுத்தினார்.

"எந்த விடுங்கோ எண்டு சொல்லுங்கோ அண்ணை," என்று அவன் எல்லோர் முன்னாலும் கேட்டான். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றோடு அவன் நடுவராவதைத் தடை செய்தார்கள்.

சில வருடங்கள் கழித்து அதே குழுவிடம் போய் உண்மையைச் சொன்னேன். என்னை விலக்கினார்கள், அவனுடைய தடையை நீக்கினார்கள். அதற்குள் முதலாளி அணியை இன்னொரு நகரத்துக்குக் கொண்டுபோயிருந்தார். மணிக்கூட்டுக்காரனுக்கோ வேலையில் முதுகு முறிந்து, பனியில் சறுக்கவே ஏலாமல் போயிருந்தது. கண் இழந்தவனின் வீட்டுக்கும் போனேன், அவன் எனக்குக் கதவைத் திறக்கவில்லை.

டூட்டிங்கில் ஒரு தமிழ்க் கடையில் மணிக்கூட்டுக்காரனைக் கண்டேன்.

"உண்மையைச் சொல்லிப்போட்டன் தம்பி."

கூடையைக் கீழே வைத்துவிட்டு அறைந்தான். என் மூக்குக்கண்ணாடி கத்தரிக்காய்களுக்குள் விழுந்தது. அடுத்த அடியில் உதடு வெடித்தது.

கடைக்காரர் ஓடிவந்தார். "பொலிசைக் கூப்பிடட்டோ ஐயா?"

"வேண்டாம். தெரிஞ்ச ஆள்."

"எனக்கு இந்தாளைத் தெரியாது," என்றவன் கூடையைத் தூக்கிக்கொண்டு, காசு கட்ட வரிசையில் போய் நின்றான்.