பெயரை அடிக்கப் போன நாள்

காலை ஆறே கால். பாரிமுனையில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். எழுபத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய் இருபது பைசா. சட்டைப் பையில் ஒரு படிவம் இருந்தது. எத்தனை தடவை படித்தும் பாதிதான் புரிந்தது.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போ நகரத்தில். பாஸ்போர்ட் மட்டும் அப்பா வழியில் வந்த இந்தியப் பாஸ்போர்ட். சென்னையில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருக்கும்போதே மலேசியாவில் விதி மாறிவிட்டது. குடியுரிமை இல்லாதவன் திரும்பி வர வேண்டுமானால், படிக்கத்தான் போனான், இந்தியாவில் குடியேறவில்லை என்று அப்பாவின் ஊரில் எழுதி வாங்கி வர வேண்டுமாம். என் ஊருக்குப் போக, இன்னொரு ஊரில் நின்று இது என் ஊர் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். இதை உட்கார்ந்து யோசித்தவன் யாரோ! அப்பா இறந்த பிறகு அம்மா ஈப்போவில் தனியாக இருக்கிறாள். இந்தக் காகிதம் கிடைக்காவிட்டால் அவளைப் பார்க்க முடியாது.

பத்தரை மணி. அப்பாவின் ஊரான காஞ்சிபுரத்தில், தாலுகா அலுவலக எழுத்தர், அங்கேயே வாழும் என் பெரியப்பா வீட்டு ரேஷன் பதிவேட்டைப் புரட்டினார்.

"உங்க பேரு இதுல இருக்குதே தம்பி. ரெண்டு வருஷமா சர்க்கரை வாங்கிக்கினு இருக்கிறீங்க. இந்த ஊர்க்காரர் இல்லன்னு எப்டி எழுதறது?"

ரேஷன் கடைப் பக்கம் நான் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. பெரியப்பா வீடு இருக்கும் பிள்ளையார்பாளையத்துக்கு வேகமாக நடந்தேன்.

பெரியம்மா சிரித்தாள். "நான்தான் சேத்தேன்பா. லீவுக்கு வந்தா உனுக்குக் காப்பி போட சர்க்கரை வோணாமா? நம்ம வூட்டுப் புள்ளதானே நீ."

பெயரை அடிக்க வேண்டும் என்றதும் முகம் மாறியது. "எங்க மாமனார் செத்தப்போ அவரு பேரை அடிச்சாங்க. உசுரோட இருக்கிற புள்ள பேரை யார்னா அடிப்பாங்களா?"

கோபப்படுவதா, காலில் விழுவதா என்று தெரியாமல் நின்றேன். தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்த பெரியப்பா, நூல் ஓட்டும் நாடாவை நிறுத்தினார். "அங்க அவங்கம்மா ஒண்டியா இருக்குது. கார்டை எடு."

இரண்டரை மணி. மூவரும் தாலுகா அலுவலகத்துக்குப் போனோம்; பெரியப்பா கையெழுத்துப் போட்டார். எழுத்தர் சிவப்பு மையால் என் பெயரின் மேல் கோடு இழுத்தார். பெரியம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அந்த வரிய வேற யாருக்கும் குடுத்துடாதீங்கபா."

அவர் என் படிவத்தை எழுதி, முத்திரை குத்தி நீட்டினார்.

ஐந்து மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கையிலிருந்த படிவத்தில் 'இவ்வூர்வாசி அல்லர்' என்று முத்திரையோடு எழுதியிருந்தது. இதற்காகத்தான் வந்தேன், கிடைத்தும்விட்டது. ஆனாலும் சந்தோஷமா துக்கமா, எனக்கே தெரியவில்லை. இதைக் கொண்டுபோய் நீட்டும்போது, ஈப்போவிலும் இதையே எழுதிக் கொடுத்துவிட்டால் நான் எங்கே போய் இறங்குவேன்?