தாதிதானே என்று சொல்லாமல் விட்ட மாத்திரை

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் குரோருட்டின் மருத்துவ நிலையத்தில் அன்று இருந்தவர்கள் அப்பா, மொழிபெயர்க்க நான், மருத்துவரைப் போலவே பரிசோதிக்கப் பயிற்சி பெற்ற சிறப்புத் தாதி. மருத்துவர் விடுமுறையில் போயிருந்தார். இரத்தம் உறையாமலிருக்க அப்பா மாத்திரை எடுப்பவர்.

“வேறு மருந்து ஏதாவது?” என்று தாதி கேட்டார். மாமா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த முழங்கால்வலி மாத்திரையையும் அப்பா தினமும் விழுங்குவது எனக்குத் தெரியும்.

“உவ நேர்ஸ்தானேடா. டொக்டர் வரட்டும், சொல்லுவம்,” என்றார் அப்பா. வீட்டில் முதலில் படித்தவன் நான். அப்படியிருந்தும் நானும் தாதியிடம் “இல்லை” என்று சொல்லிவிட்டேன்.

நான்காம் நாள் அப்பாவுக்கு மலம் கறுப்பாகப் போனது, தலை சுற்றியது. நிலையத்துக்கு அழைத்தேன்; தொலைபேசியில் அதே தாதி. இம்முறை உண்மையைச் சொன்னேன். இரண்டு மாத்திரையும் சேர்ந்து வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது போல என்று சொல்லி, மருத்துவருக்குக் காத்திராமல் அவரே ஆம்புலன்ஸ் அனுப்பினார்.

இப்போது வீட்டு மாத்திரைகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய், யார் கேட்டாலும் மேசையில் கொட்டுகிறேன். “கடை போடப்போறியோ?” என்று அப்பா நக்கலடிக்கிறார். என் ஒரு ‘இல்லை’க்காக அவருக்கு ஏற்றியது மூன்று பை இரத்தம்.