விதாத்தின் அடுப்படியில் ஒரு ரோமானியர்

லெபனானின் ஸூர் நகரத்தில் கடப்பாறை எடுக்கிறவன் முதலில் வாசல் கதவைச் சாத்துவான், பிறகு ரேடியோவைச் சத்தமாக வைப்பான். ஓரடி தோண்டினால் துருக்கியர், மூன்றடியில் சிலுவைப்போர்க்காரர், ஆறடியில் ரோமானியர். யார் தலைகாட்டினாலும் அரசாங்க ஆட்கள் வந்து கயிறு கட்டிவிடுவார்கள். எதிர்வீட்டு நுஹாதின் அடுப்படியில் ஒரு மொசைக் மீன் எட்டிப் பார்த்தது. அந்தக் குற்றத்துக்காக அவள் பதினோரு வருடம் மொட்டைமாடியில் சமைத்தாள். ஆனாலும் அந்த மீனைப் பற்றி, பெற்ற பிள்ளை டாக்டரானதைப்போலத்தான் பேசுவாள்.

விதாத்துக்கு ஐம்பத்தாறு வயது. கணவர் விட்டுப்போனது ஒரு வீடும் ஒரு ஓட்டைப் படகும். படகை விற்று நாலு கட்டில் வாங்கிப்போட்டு, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டாள். மகன் தாரிக் கனடாவில் இருந்தான்; அவனை வைத்து ஊரில் அவளை 'உம் தாரிக்', அதாவது தாரிக்கின் அம்மா, என்றே கூப்பிடுவார்கள். "அம்மா, இங்க வந்துடு" என்று மாதம் ஒருமுறை சொல்வான். பனியைப் படத்தில் பார்த்தாலே அவளுக்குத் தும்மல் வரும்.

கோடை தொடங்கிய வாரம் அடுப்படிச் சாக்கடை அடைத்துக்கொண்டது. குழாய்க்காரன் ஹிக்மத் வந்து தோண்டினான். இரண்டடியில் 'ணங்' என்றது. அவன் ரேடியோவை இன்னும் கொஞ்சம் ஏற்றினான்.

"வாழ்த்துக்கள் உம் தாரிக். தூணோட தலை. இலையெல்லாம் செதுக்கியிருக்கு."

"மூடு! குழியோட சேர்த்து உன் வாயையும் மூடு."

"மூடிட்டா தண்ணி எங்க போகும்?"

"அந்த ரோமானியன் தலையில போகட்டும்!"

அன்று பிற்பகலே பெய்ரூத்திலிருந்து ஒரு தம்பதி தங்க வந்தார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபடி அந்த அம்மாள் பெருமையாகச் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் நதீம் முப்பது வருஷம் அகழாய்வு அதிகாரியா இருந்தவர்."

விதாத் அடுப்படிக்கு ஓடினாள். குழிமேல் பலகை, பலகைமேல் மெத்தை, மெத்தைமேல் தானே என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா, தரையில?" என்றார் காபிக்கு வந்த நதீம்.

"முட்டி வலி உஸ்தாத். டாக்டர் உக்காரச் சொல்லியிருக்கார்."

"அடுப்படியிலயா?"

"சூடு நல்லதாம்."

இரண்டு நாள் உட்கார்ந்தபடியே பருப்பு கிளறினாள், ரொட்டி சுட்டாள். ராணி அரியணையில் இருப்பதைப்போல என்று சொல்லலாம். ராணிக்கு அந்த நாற்றம் இருந்திருக்காது. மூன்றாம் நாள் காலையில் நதீம் குனிந்து பார்த்தார்.

"அம்மா, உங்க அரியணை மிதக்குது."

அவளை எழுப்பி, மெத்தையை இழுத்து, மனிதர் மண்டியிட்டே விட்டார். காபிக் கரண்டியால் சுரண்டினார். விதாத் மனசுக்குள் கம்பளிக் கோட்டுகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

நதீம் சிரித்தார். "ரோமானியன் சிமெண்டுக்குள்ள கம்பி வெச்சு வார்த்ததா நான் கேள்விப்பட்டதே இல்லையே! வெள்ளைக்காரங்க தலையில கட்ட அச்சுல செஞ்சது. இந்த வீட்டுல யாரோ விலைபோகாததைப் புதைச்சிருக்காங்க."

"என் மாமனார்!" என்று அலறினாள் விதாத். ஐந்து வேளையும் தொழுது, தன் நேர்மைமேல் சத்தியம் செய்தே காலம் தள்ளியவர் அவர். "அயோக்கியன்! திருட்டுக் கிழவன்! அல்லாஹ் அவருக்குச் சொர்க்கத்துல மாடி வீடா குடுக்கட்டும்!"

"ஆனா இதுக்குக் கீழ தோண்டச் சொல்லாதீங்க" என்று கையைத் துடைத்தார் நதீம். "நான் ஓய்வுபெற்றவன். ஓய்வுபெற்றவனாவே ஊருக்குப் போகணும்."

ஹிக்மத் சிமெண்டுத் தலையைப் பெயர்த்துவிட்டு நண்பகலுக்குள் புதுக்குழாய் போட்டான். சேதி அறிந்து நுஹாத் துக்கம் விசாரிக்க வந்தாள்.

"ஒரு பானை ஓடு கூடவா இல்ல? மனசைத் தேத்திக்க விதாத். ஒண்ணுமில்லாத வீடும் ஊர்ல ரெண்டு இருக்கத்தானே வேணும்."

விதாத்துக்குக் கண்ணீர் பொங்கியது. நுஹாத் அதைத் துக்கம் என்றே எடுத்துக்கொண்டு ஒரு தட்டு இனிப்பு கொண்டுவந்தாள். தின்றுவிட்டு விதாத் தட்டைக் கழுவினாள். தண்ணீர் களகளவென்று போயிற்று. சுத்தமாகத்தான் இருந்தது தட்டு. இருந்தாலும் இன்னும் இரண்டு தடவை கழுவினாள்.